சட்டை போட்ட பண்டிகை

டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸோடு ஒரு புலம்பலும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பண்டிகை வியாபாரமாகிப் போய்விட்டது, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளையை மறந்துவிட்டு ஜனங்கள் துணிக்கடையிலும் கேக் கடையிலும் முண்டியடிக்கிறார்கள், ஏசுவின் நாற்காலியில் சாண்டா தாத்தா உட்கார்ந்துவிட்டார் என்கிறார்கள். போதகர்கள் பிரசங்கத்தில் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் 'ஆமாமாம்' என்று தலையாட்டுகிறார்கள். எனக்கு இதில் வேறு அபிப்பிராயம் உண்டு. நான் கிறிஸ்தவன் இல்லை. மாகறலில் தையல் கடை வைத்திருப்பவன். அப்பாவும் இதே தொழில்தான். பண்டிகை என்றால் எங்களுக்கு முதலில் துணி, அப்புறம்தான் சாமி. ஆகையால் நான் வியாபாரத்தின் பக்கத்துச் சாட்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில்தான் ஊரின் அடையாளம். உற்சவம் என்றால் கோயில் வாசலில் வளையல் கடை, பொரிகடலைக் கடை, பலூன்காரர், ஜவ்வுமிட்டாய்க்காரர் என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சாமி புறப்பாடு எப்போது என்று தெரியாது, ராட்டினம் எப்போது சுற்றும் என்று தெரியும். அதைப் பார்த்து ஈஸ்வரன் வியாபாரமாகிவிட்டார் என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. 2019-இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு குளத்திலிருந்து வெளியே வந்து, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் நடு வரை தரிசனம் கொடுத்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்றார்கள். அந்த நாட்களில் காஞ்சிபுரத்தில் விலை போகாத பொருளே கிடையாது. பெருமாளின் மகிமை அதனால் குறைந்துவிட்டதென்று ஒருவரும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கணக்கு?

இந்தப் புலம்பல் நம் ஊர்ச் சரக்கு இல்லை, கப்பலில் வந்தது என்பது என் எண்ணம். கிறிஸ்துமஸ் கெட்டுப்போய்விட்டது என்ற புகாருக்குக் கிட்டத்தட்டக் கிறிஸ்துமஸின் வயதே இருக்கும். வியாபாரமாகிவிட்டது என்று சொல்வதற்கு முன்னால், குடியும் கூத்தும் சூதாட்டமுமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1647-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்ட், பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் கொண்டாடுவதையே தடை செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-இல் போட்ட சட்டப்படி, அந்த நாளை வேலையை நிறுத்தியோ விருந்து சாப்பிட்டோ கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. தடை போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை. பைபிளைக் கரைத்துக் குடித்தவர்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் கறார். பதினாறாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் செய்தபோதே, வேதத்தில் இப்படி ஒரு பண்டிகை சொல்லப்படவில்லை என்று கிறிஸ்துமஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கே கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையானது எப்போது தெரியுமா? 1958-இல். அதுவரை டிசம்பர் 25 அன்று ஆலைக்கும் ஆபீசுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிறிஸ்துமஸ் லீவில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்காட்லாந்துக் கதையை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பள்ளிக்கூடம் வைத்தவர்களும் ஆஸ்பத்திரி கட்டியவர்களும் முக்கியமாக அந்த ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள்தான். காஞ்சிபுரத்து ஆண்டர்சன் பள்ளிக்கூடம் தாங்கி நிற்கிற பெயர், 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பெயர். அந்தப் பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1843 மே மாதம் ஸ்காட்லாந்துச் சபை இரண்டாக உடைந்து ஃப்ரீ சர்ச் பிறந்தபோது ஆண்டர்சனும் அதில் சேர்ந்துகொண்டார். அதே 1843 டிசம்பரில் லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் உலகின் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சடித்து ஒரு ஷில்லிங்குக்கு விற்றதும் அதே வருஷம்தான். கிறிஸ்துமஸே வேண்டாம் என்கிற சபை ஒன்றும், விற்பனைக்கு வந்த கிறிஸ்துமஸ் ஒன்றும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். இரண்டும் எங்கள் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரத் துரைகள் கொண்டாடிய கிறிஸ்துமஸ் மூன்றாவது ரகம். அதில் ஏசுவைவிட உத்தியோகம்தான் பெரிது. துரை வீட்டு வாசலில் கீழ் உத்தியோகஸ்தர்களும் மிராசுதார்களும் பழத்தட்டும் மாலையுமாக நிற்பார்கள். பரிசு வாங்கக் கூடாது என்ற விதி அரசு ஊழியர்களுக்கு உண்டு. பழமும் பூவும் மட்டும் விதிவிலக்கு. தட்டின் அடியில் என்ன இருந்தது என்பது தட்டுக்குத்தான் வெளிச்சம். வணிகமாகிவிட்டது என்று அங்கலாய்க்கிறவர்கள், அந்தப் பழைய பக்தியைத் திருப்பிக் கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்த ஜில்லாவில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் யார்? சேரி ஜனங்கள். அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அரசாங்கச் சாட்சியே இருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹியர், ஜில்லாவின் பறையர்கள் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம், புறம்போக்குத் தரிசை உழலாம் என்று மனுப் போட்டால் மிராசுதார் முந்திக்கொண்டு தடுக்கலாம் என்று பல விஷயங்களை அதில் விவரித்தார். செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, இவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டுமென்று விடாமல் வாதாடியவர். மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தையும் அமைத்தார். 1892 செப்டம்பர் 30-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கி அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. அந்த நிலங்கள் எவ்வளவோ கை மாறிவிட்டன. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணை என்ற கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் இருவர், பெயர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை.

தையல்காரன் நிலத்தைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்கலாம். மனை இல்லாதவனுக்குச் சட்டையும் இல்லை என்பதற்காகத்தான். உடுப்பு என்பது நம் நாட்டில் துணி விவகாரமாக மட்டும் இருந்ததே கிடையாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. யாரும் நகை அணியக் கூடாது. ஹட்டன் என்பவர் எழுதிய சாதி பற்றிய புத்தகத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. அதை முதல்முறை படித்தபோது எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை, பனியன் என்ற சொல்தான் பட்டது. சட்டைக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல் போடுகிற துணி அது. அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

தெற்கே இதற்கு முன்பே பெரிய போராட்டம் நடந்து முடிந்திருந்தது. திருவிதாங்கூரில் 1822 முதல் புகைந்துகொண்டிருந்த தோள்சீலைக் கலகம் அது. கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலே போட்ட துணி தெருவில் கிழித்தெறியப்பட்டது, தேவாலயங்கள் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859-இல் மகாராஜா நாடார் பெண்கள் மேலே துணி அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அந்தப் பகுதியில் சபையும் தையலும் ஒன்றாகவே வளர்ந்தன என்பது எங்கள் தொழிலில் பலருக்குத் தெரியாத சங்கதி. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரியின் மனைவி 1820-ஐ ஒட்டி ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கியதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அது வியாபாரமா, மதமா? இரண்டையும் பிரிக்க எனக்குக் கத்தரி இல்லை.

இப்போது எங்கள் கடைக்கு வருகிறேன். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அப்பாவுக்கு மூன்று சீசன். தீபாவளி ஊருக்கும் காலனிக்கும் பொது. பொங்கலும் பொது. நடுவில் டிசம்பரில் காலனியிலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் மட்டும் வருகிற வேலை ஒன்று உண்டு. (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் சொன்னார். ஊர்க்காரன் வாயிலிருந்து எப்போது போகும் என்று பார்க்கலாம்.) பையனுக்கு டெரிகாட்டன் சட்டை, காக்கியோ நீலமோ ஓர் அரை நிக்கர்; பெண்பிள்ளைக்கு வெள்ளையில் அல்லது ரோஸ் கலரில் ஃபிரில் வைத்த கவுன். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. துணியைக் காஞ்சிபுரத்தில் கட்பீஸ் கடையில் வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

அந்த நாளில் பல ஊர்களில் சேரிக்காரர்களைத் தொட்டு அளவெடுக்க மாட்டார்கள். பழைய சட்டை ஒன்றைத் திண்ணையில் வைக்கச் சொல்லி, அதை வைத்து வெட்டுவார்கள். அப்பா தொட்டுத்தான் அளவெடுத்தார். அதில் புரட்சி ஒன்றும் கிடையாது. பழைய சட்டை அளவுக்குத் தைத்தால் அக்குளில் பிடிக்கும், திரும்பக் கொண்டுவருவார்கள், கூலி போய்விடும் என்பார். அதுவும் தவிர, பழைய சட்டை என்று வைப்பதற்குப் பல பிள்ளைகளிடம் ஒன்றுமே இருந்ததில்லை. ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். 'என் டேப்பு பட்டா தீட்டுன்னா, உன் சட்டைய காஞ்சிபுரத்துல தச்சிக்க' என்று அப்பா ஒருத்தரிடம் சொன்னது வீட்டில் இன்னும் பேச்சில் இருக்கிறது.

காலனி அம்மாக்கள் சொல்கிற நிபந்தனை ஒன்று உண்டு. 'டெய்லரே, புள்ள வளர்ற புள்ள, கொஞ்சம் தாராளமா வச்சித் தச்சிக் குடு.' தாராளமாக வைப்பதென்றால் சட்டையைத் தொளதொளவென்று தைப்பது என்று நினைக்க வேண்டாம். கீழ் ஓரத்தில் ஓர் அங்குலம் மடிப்பதற்குப் பதில் மூன்று அங்குலம் உள்ளே மடித்து, இரண்டு தையல் போட வேண்டும். கையிலும் அப்படியே. கவுன் என்றால் இடுப்புக்குக் கீழே ஒரு மடிப்பை வெளியிலேயே அலங்காரம் மாதிரி வைத்துத் தைத்துவிடுவோம். அடுத்த டிசம்பரில் அந்தச் சட்டை திரும்பக் கடைக்கு வரும். மேல் தையலைப் பிரித்து ஒரு மடிப்பு இறக்குவோம். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. இறக்கின இடத்தில் துணி வெயில் படாமல் இருந்ததால், சுற்றிலும் ஒரு பட்டை மட்டும் புதுக் கலராகத் தெரியும். அதை மறைக்க மேலே ஒரு கலர் நாடா வைத்து அடித்துக் கொடுப்பார் அப்பா. அப்படி ஒரே சட்டை மூன்று கிறிஸ்துமஸ் பார்க்கும். காஜா எடுப்பது என் வேலை. பள்ளிக்கூட அரையாண்டு லீவு முழுக்க நான் காஜா எடுத்தேன் என்றால் பெரும்பாலும் அந்தச் சட்டைகளுக்குத்தான்.

இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான் கடைசிச் சட்டைக்குப் பட்டன் தைப்போம். வாங்கிப்போக வருகிறவர்கள் கூலியில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி நெல் அறுப்புக்கு என்பார்கள். அப்பா நோட்டில் எழுதிக்கொள்வார். காலையில் பையன்கள் எண்ணெய் வழிய வாரின தலையும், கஞ்சி மொடமொடப்புப் போகாத சட்டையுமாக மெயின் ரோட்டில் நடந்து ஜெபத்துக்குப் போவார்கள். வயலில் இறங்கிக் குறுக்கே போனால் சீக்கிரம் போய்விடலாம். போக மாட்டார்கள். ஊர்த்தெரு முனை வழியாக, எல்லோர் கண்ணிலும் படும்படிதான் போவார்கள். அதற்கு நாற்பது வருஷம் முன்னால்வரை அவர்கள் பாட்டன் இடுப்பில் இருந்தது என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த நடையின் அர்த்தம் தெரியும். அன்றைக்கு அந்தச் சட்டை கடையில் விற்ற சரக்குதான். அதற்குமேல் ஒரு பிரசங்கமும் தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்ற அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவுடன் பள்ளி, வேலை, தேர்தல் எல்லாவற்றிலும் அந்தச் சலுகை போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். சாதி மட்டும் கூடவே இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிற எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்' என்றுதான் எழுதியிருக்கும். தாலுகா ஆபீசில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அவர்களிடம் இருப்பவை இரண்டே சாமான்: வாசலில் தொங்குகிற நட்சத்திரமும் பிள்ளை மேலிருக்கும் புதுச் சட்டையும். மூங்கில் பத்தையில் கலர்த்தாள் ஒட்டி உள்ளே பல்பு வைத்த நட்சத்திரம் போய், இப்போது கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் ரெடியாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கினதுதான். அதற்காக, அதில் விசுவாசம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

சாண்டா தாத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி விழாக்களுக்கு அந்தச் சிவப்பு அங்கியை நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன். வெல்வெட் துணி, ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு ஃபர். செய்யாற்றங்கரை வெயிலுக்கு அது தண்டனை. கோக்க-கோலா கம்பெனி 1931-லிருந்து விளம்பரத்தில் அவரைப் பிரபலப்படுத்தியது உண்மை. ஆனால் அதற்கு அறுபது எழுபது வருஷம் முன்பே தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அவரைக் குண்டுத் தாத்தாவாகப் பத்திரிகையில் வரைந்துவிட்டார். மூலக்கதை இன்னும் பழையது. மைரா நகரத்து பிஷப் நிக்கோலஸ், வரதட்சிணைக்கு வழியில்லாத ஓர் ஏழை வீட்டின் மூன்று பெண்களுக்காக ராத்திரியில் பொன்முடிப்புகளை எறிந்துவிட்டுப் போனாராம். அந்தக் கதை புரிவதற்கு நம் ஊர்க்காரர்களுக்கு உரை வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் ஐயங்கார் பேக்கரி என்று போர்டு போட்ட கடையில் கிறிஸ்துமஸ் பிளம் கேக் அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்கும்போது, எனக்குச் சிரிப்பு வருகிறதே தவிர வருத்தம் வரவில்லை.

வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. ரெடிமேட் வந்து டிசம்பர் சீசன் என் கடையிலிருந்து போய்விட்டது. அது என் சொந்தக் கஷ்டம், அதை ஏசுவின் கஷ்டமாக்கி நான் பிரசங்கம் செய்யக் கூடாது. ஆனால் அப்பாவின் நோட்டுக் கடன் அறுப்பு வரை காத்திருந்தது. இன்றைக்குக் குழுக் கடன் வாங்கித் துணி எடுக்கிற அம்மாவுக்கு வாரம் தவறாமல் தவணை. ஜனவரியில் ஒரு வாரம் தவறினால் வசூல்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். இதற்காகவே 2025-இல் தமிழ்நாடு அரசு, கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. பிரசங்க மேடையில் 'புதுத்துணி வேண்டாம், புது இருதயம் வேண்டும்' என்று சொல்கிறவர்கள், அதற்குப் பதில் இந்த வட்டியைப் பற்றிப் பேசினால் நான் கடையைச் சாத்திவிட்டு வந்து கேட்பேன். ஏற்கெனவே பீரோ நிறையத் துணி வைத்திருப்பவர்களிடம் அந்தப் பிரசங்கத்தைச் செய்தால் சரி. மூன்று மடிப்பு வைத்துத் தைத்த சட்டைக்காரனிடம் செய்வது அநியாயம்.

என்னைக் கேட்டால், எங்கள் ஜில்லாவில் கிறிஸ்துமஸை மதப் பண்டிகையாக ஆக்கினதே துணிதான். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் கொண்டாடாத பண்டிகையை, நம் ஜனங்கள் தீபாவளியின் எண்ணெய்க் குளியலையும் பொங்கலின் கோலத்தையும் சேர்த்துத் தங்களுக்கென்று தைத்துக்கொண்டார்கள். வாங்காமலிருப்பது பக்தி என்று வாங்க முடிந்தவர்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும். சட்டையே போடக் கூடாது என்று இருந்தவர்கள் பிள்ளைக்குச் சட்டை வாங்குவதும் பக்திதான்.

இன்னும் தைத்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குத் துணி கொடுப்பதானால் டிசம்பர் பத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்குமேல் பொங்கல் வேலை ஆரம்பித்துவிடும். வளர்கிற பிள்ளை என்றால் அளவெடுக்கும்போதே சொல்லுங்கள், மடிப்பு வைத்துத் தருகிறேன். அதற்குத் தனிக் கூலி கிடையாது.